ஜோடியாக வாங்கும் முன்...



முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் பூட்டியாயிற்று. "போர் அடிக்குதும்மா" என்ற குரல் வீட்டுக்கு வீடு கேட்க ஆரம்பித்திருக்கும். பெட் ஷாப்களில் கூட்டம் கூடுவதும் இந்த நாட்களில்தான்.

நாய் வளர்க்க ஃப்ளாட்டில் இடமில்லை. பூனை என்றால் பாட்டி சம்மதிக்க மாட்டார். மீன் தொட்டி பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் பல வீடுகளில் பேச்சு வந்து நிற்பது ஒரு ஜோடி முயலிலோ கினி பிக்கிலோதான். சின்னதாக இருக்கிறது, அவ்வளவாகக் கடிக்காது, குரைக்காது, அதிலும் கினி பிக் கீரைக்கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே "வீக்... வீக்..." என்று கூப்பிடும். எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது?

கடைக்காரரும் சொல்வார்: "தனியா எடுக்காதீங்க சார், ஏங்கிப் போயிடும். ஜோடியா எடுத்துக்குங்க."

அவர் சொல்வது சரி. கினி பிக் கூட்டத்தோடு வாழ்ந்து பழகிய பிராணி. ஒற்றையாக அடைத்து வைத்தால் வாடிப்போகும். ஆனால் அடுத்த கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? இந்த இரண்டில் எது ஆண், எது பெண்?

ஜோடி என்றாலே ஓர் ஆண், ஒரு பெண் என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம். கடையிலும் அப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். சில கடைகளில் "ரெண்டுமே பொண்ணுதான்" என்பார்கள். குட்டி வயதில் ஆண், பெண் பார்ப்பதற்குப் பழகிய கண் வேண்டும். பல கடைகளில் அது ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான்.

சில மாதங்கள் போகும். ஒன்று மட்டும் குண்டாகத் தெரியும். "நல்லா சாப்பிடுது" என்று சந்தோஷப்படுவோம். ஒரு நாள் காலையில் கூண்டைத் திறந்தால் மூன்று குட்டிகள் ஓடும். வீடே குதூகலிக்கும். அல்லது, புல்லுக்கு நடுவே ரத்தக் கறையும், அசைவில்லாத சின்ன உடல்களும் கிடக்கும். அதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் குழந்தையாகவே இருக்கும், காலையில் எழுந்ததும் கூண்டருகே ஓடுவது அவர்கள்தானே.

இந்த மாதம் அந்த இரண்டாவது காலையைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன்.

"நாட்டில் ஆயிரம் பிரச்னை இருக்க, கினி பிக்கின் கருச்சிதைவுக்கு ஒரு ஆசிரியர் பக்கமா?" என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயம்தான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குப் பிறப்பையும் இறப்பையும் பக்கத்தில் நின்று பார்க்கும் முதல் அனுபவம் இப்படித்தான் அமைகிறது. அப்போது பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதை அவர்கள் மறப்பதில்லை. அதோடு, கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துயரங்கள் இதில் நிறைய.

முதலில் சில அடிப்படைத் தகவல்கள். கினி பிக்கின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 59 முதல் 72 நாட்கள். எலிக்கு மூன்று வாரம், முயலுக்கு ஒரு மாதம் என்று பார்க்கும்போது, இந்தச் சின்ன உடம்புக்கு இது மிக நீண்ட காலம். பொதுவாக இரண்டு முதல் நான்கு குட்டிகள். அவை உடம்பு முழுக்க முடியோடு, கண் திறந்து, பல்லோடு பிறக்கும். ஓரிரு நாளிலேயே புல்லைக் கடிக்கத் தொடங்கிவிடும். அவ்வளவு முழுமையாக வளர்ந்த குட்டிகளைச் சுமக்க வேண்டியிருப்பதால், தாய்க்கு இது லேசான விஷயமில்லை. கடைசி நாட்களில் அதன் எடையில் கணிசமான பங்கு வயிற்றுச் சுமையாகவே இருக்கும்.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. பெண் கினி பிக் ஒன்றரை மாதத்திலேயே, சில சமயம் அதற்கும் முன்பே, கருத்தரிக்கும் நிலைக்கு வந்துவிடும். மறுபக்கம், ஆறேழு மாதம் வரை ஒருமுறைகூடக் குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிப்போகும். அதற்குப் பிறகு முதல் முறையாகக் கருத்தரித்தால், குட்டி வெளியே வர வழி விடாமல் சிசேரியன் வரை போகலாம், தாயும் குட்டிகளும் சேர்ந்தே இறந்தும் போகலாம். ஆக, மிகச் சிறு வயதிலும் ஆபத்து, வயது கூடினாலும் ஆபத்து. "ஒரே ஒரு தடவை குட்டி போடட்டுமே, பிள்ளைங்க பார்க்கட்டும்" என்ற ஆசைக்கு முன் இதை யோசிக்க வேண்டாமா?

சரி, எதிர்பாராமல் கர்ப்பமாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதல் வேலை, ஆணைத் தனியே பிரிப்பது. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண் மறுபடி கருத்தரித்துவிடும் என்பதுதான் காரணம். பால் கொடுத்துக்கொண்டே அடுத்த கர்ப்பத்தைச் சுமப்பது அந்த உடம்புக்கு எவ்வளவு பாரம்! பிரித்த ஆண் பக்கத்துக் கூண்டில் இருக்கட்டும். ஒன்றை ஒன்று பார்க்கலாம், குரல் கேட்கலாம். அது போதும்.

இரண்டாவது, மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது. வயிற்றை அழுத்திப் பார்த்து "எத்தனை குட்டி இருக்கு?" என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த அழுத்தமே கருவைச் சேதப்படுத்தலாம். மருத்துவர் தொட்டுப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்.

மூன்றாவது, சாப்பாடு. இங்கேதான் நம் பாசம் வழிதவறுகிறது. "பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லா போடணும்" என்று பிஸ்கட், சோறு, பால், பொரி என்று கூண்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும். கர்ப்பிணி கினி பிக் கொழுத்துவிட்டால் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் கர்ப்பகால நச்சேற்றம் என்னும் கொடிய நோய் வரலாம். திடீரென்று சாப்பிடுவதை நிறுத்தும், சுருண்டு உட்காரும், சில நாளில் இறந்துவிடும். அதற்குப் பயந்து பட்டினி போடவும் கூடாது. பட்டினியும் அதே நோயைக் கொண்டுவரும்.

கர்ப்பிணி கினி பிக்குக்குத் தேவை நாள் முழுக்கப் புல். காய்ந்த புல், கழுவிய அருகம்புல், கொஞ்சம் குதிரைமசால். பிறகு வைட்டமின் சி. நம்மைப் போலவே கினி பிக்காலும் இந்த வைட்டமினை உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது. உணவில் வந்தால்தான் உண்டு. கர்ப்ப காலத்தில் இந்தத் தேவை இன்னும் கூடும், பற்றாக்குறை கருவையே பாதிக்கும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை கொடுக்கலாம். வைட்டமின் சி சொட்டு மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் கலந்து வைத்தால் சீக்கிரமே வீரியம் போய்விடும். வெங்காயம், பூண்டு பக்கமே போகாதீர்கள். பிரசவ லேகியத்தில் ஒரு துளி நாக்கில் தடவும் பாட்டிகளுக்கும் அன்போடு சொல்கிறேன், வேண்டாம் பாட்டி.

நான்காவது, வெயில். குளிர்ந்த ஆண்டிஸ் மலைப்பகுதியில் பழக்கப்படுத்தப்பட்ட பிராணி இது. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும், கர்ப்பிணி என்றால் சொல்லவே வேண்டாம். நம் ஊர்க் கத்தரி வெயிலில் மொட்டை மாடியிலும் தகரக் கூரையின் கீழும் கூண்டை வைத்தால் என்ன ஆகும்? வீட்டிலேயே குளிர்ச்சியான மூலைக்குக் கூண்டை மாற்றுங்கள். தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். வேண்டும்போது அது போய் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

ஐந்தாவது, அமைதி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், சொந்தக்காரர்கள் என்று ஆளாளுக்குத் தூக்கிப் பார்ப்பது வேண்டாம். புதுக் கூண்டு, புதுத் துணை, நீண்ட பயணம் எல்லாமே தள்ளிப்போடலாம்.

முயலையும் கினி பிக்கையும் ஒரே கூண்டில் வளர்க்கும் வீடுகள் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் முயல்கள் தங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுமக்கும் ஒரு பாக்டீரியா, கினி பிக்குக்கு நிமோனியாவையும் கருச்சிதைவையும் தரக்கூடியது. இரண்டையும் தனித்தனியே வையுங்கள்.

இத்தனையும் செய்தும் கரு தங்காமல் போகலாம். தொற்று, வெயில், பயம், சத்துக் குறைவு, குட்டிகளின் எண்ணிக்கை, தாயின் வயது என்று காரணங்கள் பல. சில சமயம் காரணமே பிடிபடாது. ஆரம்ப நாட்களில் நின்றுபோன கருவை உடம்பே உள்ளுக்குள் கரைத்துக்கொள்வதும் உண்டு. வெளியே ஒரு தடயமும் இருக்காது. "கர்ப்பம்னு சொன்னாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று குழம்புவோம்.

இறந்த குட்டிகளைப் பார்த்ததும் பதறாமல் செய்ய வேண்டியவை இவை. கையுறை போட்டுக்கொண்டு அவற்றை எடுத்துவிடுங்கள், நனைந்த படுக்கையை மாற்றுங்கள், பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் இந்த வேலையை அவரிடம் விடவே கூடாது. எலி, ஹாம்ஸ்டர், கினி பிக் போன்ற கொறிக்கும் பிராணிகளிடமிருந்து தொற்றும் சில கிருமிகள் வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை.

அதன் பிறகு கவனம் முழுக்கத் தாயின் மேல் இருக்கட்டும். சாப்பிடுகிறதா? புழுக்கை போடுகிறதா? ரத்தம் நின்றுவிட்டதா? இன்னும் முக்கிக்கொண்டே இருக்கிறதா? கினி பிக்கின் பிரசவம் வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு மேலும் முக்கியபடி, குட்டி வராமல் இருந்தால் அவசரம் என்று அர்த்தம். ரத்தப்போக்கு தொடர்ந்தாலும், துர்நாற்றத்தோடு கசிவு வந்தாலும், அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலும் "காலையில் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வாங்கி மீந்த ஆன்டிபயாடிக் சிரப் ஃப்ரிட்ஜில் இருக்கும். "இன்ஃபெக்‌ஷன் வந்துடக் கூடாதே" என்று அதில் இரண்டு சொட்டு கொடுக்கத் தோன்றும். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், கினி பிக்கின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து உயிரே போய்விடலாம். கருச்சிதைவிலிருந்து பிழைத்த தாயை நம் கையாலேயே கொன்றுவிட வேண்டாம்.

எங்கே காட்டுவது? எல்லாக் கிளினிக்கிலும் சின்னப் பிராணிகளைப் பார்ப்பதில்லை என்பது உண்மை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவு உண்டு. உங்கள் ஊரில் முயல், கினி பிக் பார்க்கும் டாக்டர் யார் என்பதை வாங்கிய வாரத்திலேயே விசாரித்து, நம்பரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். இரவு பதினோரு மணிக்குத் தேட முடியாது.

முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெண் முயல் தன் முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும், பிறகு குட்டியே வராது. பல வீடுகளில் இதைக் கருச்சிதைவு என்று நினைத்து வருந்துகிறார்கள். இது பொய்க் கர்ப்பமாகவும் இருக்கலாம். இரண்டு, மூன்று வாரத்தில் தானே சரியாகும்.

லண்டனிலும் ஜெர்மனியிலும் இருக்கும் நம் வாசகர்கள் சிலர் வீட்டில் டெகு இருக்கலாம். சிலி நாட்டுப் பிராணியான இது கினி பிக்கின் தூரத்து உறவு. கர்ப்ப காலம் மூன்று மாதம். சர்க்கரையைத் தாங்காத உடம்பு, நீரிழிவும் கண்புரையும் எளிதில் வரும் என்பதால் கர்ப்பிணி டெகுவுக்கும் பழம் கூடாது. மற்றபடி மேலே சொன்னவற்றில் சில அதற்கும் பொருந்தும்.

இனி, மனசு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

குட்டிகள் இறந்து கிடந்த காலையில் நம் வீடுகளில் வரும் முதல் வாக்கியம் எது தெரியுமா? "நீதான் தூக்கித் தூக்கி விளையாடின, அதான்!" யோசிக்காமல் வந்துவிடும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை அந்த வாக்கியத்தை எத்தனை வருடம் சுமக்கும்? அதைத் தூக்கக் கூடாது என்று நாம் முன்பே சொல்லியிருந்தோமா? ஆணையும் பெண்ணையும் சேர்த்து வாங்கியது யார்? குழந்தையா?

இன்னொரு வகைப் பேச்சும் உண்டு. "அட, எலிதானே! நாளைக்கு வேற வாங்கித் தரேன்." இது ஆறுதல்போலத் தோன்றினாலும், உயிர் போனால் கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்ற பாடத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறது. அழுதால் அழட்டும். நடந்ததை எளிமையாக, உண்மையாகச் சொல்லுங்கள். "குட்டிங்க வயித்துக்குள்ள சரியா வளரலை. அம்மா கினி பிக் சோர்ந்து இருக்கு. நாம பார்த்துக்கலாம்." தோட்டமோ தொட்டியோ இருந்தால் சேர்ந்து புதைக்கலாம். தண்ணீர் மாற்றுவது, புல் வைப்பது போன்ற வேலைகளைப் பிள்ளையிடம் கொடுங்கள். பார்த்துக்கொள்ள ஒன்று இருந்தால் துக்கம் கொஞ்சம் இளகும்.

"கெட்ட சகுனம்", "வீட்டுக்கு ஆகாது" என்று கூண்டோடு வெளியேற்றும் வீடுகளும் இருக்கின்றன. பாதி உயிரோடு பிழைத்த பிராணியை அன்றைக்கே வெளியே அனுப்புவது எந்த தர்மத்தில் சேரும்?

கொஞ்சம் தயக்கத்தோடு இதையும் எழுதுகிறேன். கருவை இழந்த பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அம்மாவாக, அண்ணியாக, சித்தியாக. பலர் அதைப் பற்றி வாய்விட்டு அழுததுகூட இல்லை. "அடுத்தது நல்லபடியா நடக்கும், விடு" என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் வாயை அடைத்திருக்கிறோம். ஒரு சின்னப் பிராணிக்கு நேர்ந்ததைப் பார்த்து அப்படிப்பட்ட ஒருவர் அளவுக்கு மீறிக் கலங்கினால், "இதுக்குப் போய் இப்படியா?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் பேசினால் கேளுங்கள்.

குட்டிகள் நலமாகப் பிறந்த வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வாரம் ஆனதும் ஆண் குட்டிகளைப் பிரித்துவிடுங்கள். அதற்கு மேல் தாமதித்தால் அவை தாயையே, உடன்பிறந்ததையே கருத்தரிக்க வைத்துவிடும். இரண்டு பிராணி ஒரே வருடத்தில் இருபதாவது இப்படித்தான். பிறகு, "எங்கேயாவது பார்க்ல விட்டுடலாம், பிழைச்சுக்கும்" என்பார்கள். பிழைக்காது. நாயும் பூனையும் காக்கையும் ஒரு நாள்கூட விட்டுவைக்காது. பசியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அப்படியானால் துணையே வேண்டாமா? வேண்டும். இரண்டு பெண்கள் சேர்ந்து நன்றாக வாழும். ஒன்றாக வளர்ந்த இரண்டு ஆண்களும், போதிய இடம் இருந்தால், ஒத்துப்போகும். ஆணும் பெண்ணும்தான் என்றால் ஆணுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடலாம். அதற்குப் பிறகும் சில வாரம் பிரித்து வைத்திருந்துதான் சேர்க்க வேண்டும், டாக்டர் நாள் சொல்வார். ஹாம்ஸ்டர் விஷயத்தில் மட்டும் கணக்கு வேறு. சிரியன் ஹாம்ஸ்டர் தனிக்காட்டு ராஜா, அதற்குத் துணையே கூடாது.

பெட் ஷாப் நடத்துபவர்களும் நம் வாசகர்களில் இருப்பீர்கள். 2018ஆம் ஆண்டு வந்த பெட் ஷாப் விதிகளின்படி, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்த முடியாது. பதிவுச் சான்றிதழை மாட்டும் சுவரிலேயே "ஆண், பெண் பார்த்துத் தரப்படும்" என்று ஒரு போர்டும் மாட்டினால் என்ன? வாடிக்கையாளர் உங்களை நம்பித் திரும்ப வருவார்.

வாசகர்களிடம் என் வேண்டுகோள் மூன்றுதான். இந்த லீவில் பிள்ளைகளுக்குப் பிராணி வாங்குவதாக இருந்தால், ஆணா பெண்ணா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சொன்னதை நம்பிவிடாமல், அந்த வாரமே டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். அது தெரியும்வரை இரண்டையும் தனித்தனிக் கூண்டில் வையுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு கன்சல்டிங் ஃபீஸ். செய்யாவிட்டால் ஆகும் செலவை அந்தத் தாய்ப் பிராணியும் உங்கள் குழந்தையும் சேர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்